அமர்த்திகளை விரட்டிய ராஜா

முன்னொரு காலத்தில், தோலை மதிலாகவும் குருதியை ஆறாகவும் கொண்ட ஒரு நாட்டை மெய்யரசன் என்ற ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டைக்குள்ளேயும் அப்படி ஒன்று இருக்கிறது.

அங்கே காவலருக்குப் பேச்சே கிடையாது. பகைவனின் அடையாளத்தைக் காட்டினால் போதும், குத்துவார்கள். பகை ஒழிந்ததும் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து, "போதும்ப்பா" என்று நிறுத்துவதற்கு அமர்த்திகள் என்றொரு சிறு கூட்டம் இருந்தது.

தளபதி வெட்டுணிக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். "மகாராஜா, இவர்கள் ஒரு பகைவனையாவது கொன்றதுண்டா? தண்டச்சோறு!" என்றான். ராஜாதான் எடுப்பார் கைப்பிள்ளை ஆயிற்றே! அன்றே அத்தனை பேரையும் விரட்டிவிட்டார்.

அந்த மாதமே தொண்டை வாசல் வழியாக நீலத்துண்டு கட்டிய பகைவர்கள் நுழைந்தார்கள். காவலர்கள் ஒருவனையும் விடவில்லை. வெற்றி முரசு ஓய்ந்தது, ஈட்டிகள் ஓயவில்லை. முழங்கால் ஊர்த் தச்சர்கள் காலங்காலமாக நீலத்துண்டுதான் கட்டுவார்கள், பாவம். பட்டப்பகலில் காவலர்கள் சத்தமில்லாமல் வீடு வீடாகப் போனார்கள். ஊரே வீங்கிச் சிவந்தது. அடுத்து இதயவாசல் கதவுக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் துண்டிலும் கொஞ்சம் நீலம் உண்டு. அந்தக் கதவு விழுந்தால் நாடே இல்லை.

"பகைவன் எங்கோ ஒளிந்திருக்கிறான், மகாராஜா. இன்னும் காவலர் வேண்டும்" என்றான் வெட்டுணி.

மந்திரி பொறையனார் சிரித்தார். "தளபதியாரே, உங்கள் ஆட்களுக்கு நம்மவரை அடையாளம் தெரியுமா?"

"என் ஆட்களுக்கா? கண்ணைக் கட்டினாலும் தெரியும்!"

"அப்படியானால் இந்த நீலத்துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நில்லுங்கள். யாரும் தொடவில்லை என்றால் என் பதவி உங்களுக்கு."

பதவி ஆசை யாரை விட்டது? ராஜா மாடத்திலிருந்து பார்க்க, வெட்டுணி போய் நின்றான். நூறு முகங்கள் ஒரே சமயத்தில் திரும்பின.

"டேய், நான்தான்டா, வெட்டுணி!"

ஈட்டிகள் மெல்ல உயர்ந்தன.

மந்திரி மறைவாக அழைத்து வைத்திருந்த அமர்த்தி செம்பாயி கூட்டத்துக்குள் நடந்தாள். முன்னால் நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும்ப்பா. இவரு நம்ம ஆளு."

ஈட்டிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அமர்த்திகளைத் திரும்ப அழைத்தார். வெட்டுணியிடம், "முழங்கால் ஊருக்குப் போ. ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேள்" என்றார்.

போனான். முதல் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"பயப்படாதீங்க. நம்ம காவல்தான்."

உள்ளே இன்னொரு தாழ்ப்பாளும் விழும் சத்தம் கேட்டது.