சாரியின் பூர்வீகம்

கதிரேசனின் வாயில் ஒரு காலத்தில் பல சொற்கள் குடியிருந்தன. அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அதனால் அங்கே ஓயாமல் வேலை இருந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். அதன் பெயர் சாரி.

சாரி கடல் கடந்து வந்த சொல். மற்ற சொற்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதன்மேல் சந்தேகம். யார் காலையாவது மிதித்தால் போகிறது. சொன்ன தேதியில் போன் தயாராகவில்லை என்றால் போகிறது. எதிராளி பேசியது காதில் விழாவிட்டாலும் அதுதான் போகிறது. இழவு வீட்டுக்குக்கூடப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருகிறது. ஒரே ஆளுக்கு எப்படி இத்தனை வேலை என்று, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் குடியிருந்த மன்னிப்பு கேட்கும். மன்னிப்பு வெளியே போய் வருஷக்கணக்காகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன்.

ஒருநாள் சாரியை மடக்கி, பூர்வீகம் எது என்று விசாரித்தார்கள். ஆங்கிலத்தில் புண்ணுக்கும் வலிக்கும் இருந்த பழைய பெயரிலிருந்து பிறந்ததாக அது சொன்னது. அந்தக் காலத்தில் அதைச் சொல்கிறவனுக்குத்தான் முதலில் உள்ளே வலிக்குமாம்.

“புண்ணோட வம்சமா நீ?” என்றது மன்னிப்பு. “நீ போன இடத்துல இவனுக்கு எப்ப வலிச்சுது? வலிக்கக் கூடாதுன்னுதானே உன்னை அனுப்புறான்.”

அதற்குள் கடைக்கு யாரோ வர, சாரி அதையே சாக்காக வைத்து வெளியே ஓடிவிட்டது. அது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் காதுகுத்து வந்தது. கதிரேசனின் அக்கா செண்பகவல்லிக்கு நாலு வயதில் ஒரு மகள், தாரணி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதுதான் முறை. இருப்பதோ ஒரே தாய்மாமன். அவன், யாரோ அவசரப்படுத்திய போனை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். “சாரிக்கா, கொஞ்சம் லேட்டாகும்” என்று போனில் சொன்னதோடு சரி.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறதென்று தாரணியை அவளுடைய பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டதாகப் பூசாரி சொன்னார். அதன் பிறகு அக்கா இவன் போனை எடுக்கவே இல்லை.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரிமையோடு நுழைய அவனுக்கு வேறு வீடு கிடையாது.

வாய்க்குள் ஒரே தள்ளுமுள்ளு. கெடுத்தது நீதானே, நீயே போய்ப் பேசு என்று எல்லாச் சொற்களும் சாரியைப் பிடித்துத் தள்ளின. தெருவில் போகிறவருக்கெல்லாம் ஓடிப்போகிற சாரி, அன்றைக்கு நாக்குக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு நகர மறுத்தது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மன்னிப்பு முணுமுணுத்தது.

கதவு பாதி திறந்தது. அக்கா நின்றாள், இடுப்பில் தாரணி. குழந்தையின் இடது காது சிவந்து வீங்கியிருந்தது. மாமனைக் கண்டதும் மற்ற காதைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். கதிரேசனுக்கு வலித்தது. இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

அப்போதுதான் சாரி எழுந்தது. தொண்டையைக் கீறிக்கொண்டு, பாதிக் குரலில், தட்டுத்தடுமாறி வெளியே போனது. பக்கத்திலேயே நின்ற மன்னிப்புக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

ஆனால் அக்காவுக்குப் பழக்கமானது பழைய சாரிதான். அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கடையில சொல்றதை இங்க வந்து சொல்லாத. ஒரு காதுதான் குத்தியிருக்கு. இன்னொண்ணுக்கு மாமா மடிதான் வேணும்னு கத்தி, காது குத்த வந்த பத்தரைக் கிட்டவே அண்ட விடல இவ. வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கோம்” என்றாள். பிறகு கதவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்:

“நீ வருவியா, இல்ல அன்னைக்கும் அதைத்தான் அனுப்புவியா?”