கோல் வாங்கினவள்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் குருவின் கழுத்தில் தொங்கியது ஒரு விசில். பேர் ஆக்னஸ் மேடம். உப்பளத்தை ஒட்டிய ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் கால்பந்து கோச்.

சிஷ்யை கோகிலவாணி, அணியின் கோல்கீப்பர். அந்த சீசனில் ஆறு ஆட்டம். ஐந்து முடிந்திருந்தது, ஐந்திலும் தோல்வி. போட்டது பூஜ்யம், வாங்கியது இருபத்துமூன்று. முன்னால் நின்ற நாலு பேர் பந்தைக் கோட்டை விட, பேச்சு வாங்கியவள் இவள் ஒருத்தி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேன்டீனில்கூட, "ஏண்டி ஓட்டை வலை, டீ கிளாஸையாவது ஒழுங்கா பிடிப்பியா?" என்று கிண்டல். பாவம், பிள்ளை எத்தனை நாள்தான் தாங்கும்?

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கையுறைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். மேடம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளவுஸைக் கொடுத்துட்டுப் போக வந்தேன் மேடம். நாளைக்கு நான் வரலை."

அணியில் இருந்ததே பதினொரு பேர். கோல்கீப்பர் இல்லாமல் களத்தில் இறங்கவே விடமாட்டார்கள். இவள் போனால் அணியே கிடையாது. அது தெரிந்ததால்தான் கோகிலா மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் நீட்டினாள்.

"ஏன் கண்ணு?"

"எதுக்கு மேடம் வரணும்? எப்படியும் கோல் வாங்கத்தானே போறேன்."

மேடம் ஆறுதல் சொல்லவில்லை. பொடி டின்னை அவள் கையில் திணித்து, "பிடி," என்றார். இருவருமாக நடுவட்டமும் அதன் நடுவில் புள்ளியும் போட்டு முடித்தார்கள்.

"கோல் விழுந்ததும் நீ என்ன பண்ணுவ?"

"தலையில கை வெச்சு உக்காந்துடுவேன்."

"பந்து?"

"வலையில கிடக்கும். யாராவது எடுத்துட்டுப் போவாங்க."

"நாளைக்கு ஒரு நாள் நீயே எடு. ஓடிவந்து இந்த நடுப்புள்ளியில வெச்சுட்டுப் போ. ஆட்டம் முடிஞ்சதும் கிளவுஸை வாங்கிக்கிறேன்."

இது என்னடா வம்பு என்று இருந்தது கோகிலாவுக்கு. சரி, ஒரு நாள்தானே.

மறுநாள் ஆறாவது நிமிஷமே கோல். பந்தை அள்ளிக்கொண்டு ஓடினாள். "பாருங்கடி, தானே கோல் போட்ட மாதிரி ஓடுறா!" என்று கூட்டம் சிரித்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. வைத்துவிட்டுத் திரும்பினாள்.

இரண்டாவது கோல். மறுபடி ஓட்டம்.

மூன்றாவது கோலுக்கு அவள் வந்தபோது தோழிகள் யாரும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கவில்லை. பத்துப் பேரும் அவரவர் இடத்தில் தயாராக நின்றார்கள். "சீக்கிரம் கொண்டு வாடி!" என்று கத்தினாள் முன்வரிசை ஷர்மிளா.

நாலாவதும் விழுந்தது. எதிரணி ஆடிப்பாடி முடிப்பதற்குள் பந்து புள்ளியில் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். ரெஃப்ரி விசில் ஊதினார். கோல் வாங்கின அணிதானே நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்? ஷர்மிளா தட்டினாள், இன்னொருத்தி நீட்டினாள், திரும்ப ஷர்மிளாவிடம் வந்தது. ஓங்கி ஒரே உதை.

அடேயப்பா! பந்து எதிரணி வலைக்குள். சிரித்த கூட்டமே எழுந்து நின்று விசிலடித்தது.

நாலுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. தோல்விதான். ஆனாலும் பதினொரு பேரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையைப் பார்த்தால், கோப்பையை வாங்கிவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எல்லாரும் போனபிறகு மேடம் கையை நீட்டினார். "கொடு கிளவுஸை."

கோகிலா கையுறைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"மேடம், இருபத்தேழு கோல் வாங்கிட்டோம். அடுத்த வருஷமும் வாங்குவோமா?"

"வாங்குவோம்."

"வாங்கிட்டு?"

மேடம் நடுப்புள்ளியைப் பார்த்தார். அத்தனை கால்கள் மிதித்தும் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோல் வாங்கினா, அடுத்த உதை யாருக்குடி?"