செண்பகராயர் கற்ற ஒரு சொல்

வெகு காலத்துக்கு முன்னே கடலோரத்தில் நெய்தலூர் என்றொரு சின்ன நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். நாடுதான் சின்னது, ராஜாவின் நாக்கு பெரியது. இலையில் மீன் இல்லாவிட்டால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். அன்றைக்கு அரண்மனையில் யார் கண்ணில் பட்டாலும் வசவுதான்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து வாடைக்காற்று ஓயவே இல்லை. கடல் சேறாகக் கலங்கிக் கிடந்தது. கலங்கிய நீரில் வஞ்சிரம் நிற்காது, ஆழத்துக்குப் போய்விடும். மீனவர் குப்பத்து ஆட்கள் கட்டுமரங்களைக் கரையேற்றிக் கட்டிவிட்டு, கஞ்சியைக் குடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். ராஜாவுக்கு எட்டு நாளாக மீன் இல்லை.

சபையில் செண்பகராயர் என்று ஒருவர் இருந்தார். ராஜா யாரையாவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் அவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. நல்ல மீன் கொண்டுவருவான் என்று குப்பத்துத் தலைவன் அஞ்சாபுலியை ராஜா அடிக்கடி புகழ்வான். அது அவருக்கு வெகு நாளைய வயிற்றெரிச்சல்.

“மன்னா, குப்பத்தார் சோம்பேறிகள். காற்றின் மேல் பழி போட்டுப் படுத்திருக்கிறார்கள்” என்றார்.

உடனே கடலுக்குப் போகவேண்டும் என்று ராஜா ஆணை போட்டான். எல்லாரையும் சாகக் கொடுப்பானேன் என்று அஞ்சாபுலி தன் மரத்தில் தான் மட்டும் போனான். மூன்று நாளாயிற்று, திரும்பவில்லை.

“மீனை அயல்நாட்டில் விற்றுவிட்டு அங்கேயே ஒளிந்திருப்பான்” என்றார் செண்பகராயர். இப்படிச் சொல்லவும் ஒரு நாக்கு வேண்டும். “இன்று மாடத்திலிருந்து பார்த்தேன், மன்னா. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடக்கிறது. இப்போதும் போகாவிட்டால் அது ராஜதுரோகம்.”

“ஓலை எழுதும்” என்றான் ராஜா.

செண்பகராயர் எழுதினார். வெறுமனே மீன் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. கடல்காரர்கள் மீன் கிடைப்பதைப் ‘பாடு’ என்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்தார். தனக்குக் கடலும் தெரியும் என்று காட்டவேண்டாமா? “நாளை உச்சிப்பொழுதுக்குள் குப்பத்தார் அரண்மனைக்குப் பாடு கொண்டுவரவேண்டும். தவறினால் குப்பம் கொளுத்தப்படும்” என்று எழுதி முத்திரை வாங்கினார்.

ஓலை குப்பத்துக்கு வந்தது. மீதி இருந்தவை பத்தொன்பது மரங்கள். காற்று திடீரென்று செத்துக் கடல் அசையாமல் கிடந்தால், அதன் பின்னால் புயல் வருகிறது என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். போனால் சாவு, போகாவிட்டால் வீடு சாம்பல். ஆண்கள் வலையை எடுத்தார்கள்.

அஞ்சாபுலியின் மனைவி காத்தாயி ஓலையை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “மரத்தக் கட்டிப் போடுங்க. ராசா கேட்டத நான் கொண்டுபோறேன்” என்றாள்.

மறுநாள் உச்சியில் தலையில் மூடிய கூடையோடு சபைக்கு வந்தாள். ராஜாவுக்கு முகம் மலர்ந்தது.

“பாடு வந்ததா?”

“வந்துருக்கு சாமி.”

கூடையைத் திறந்தாள். உள்ளே ஒரு மரத்துண்டும், அதில் சுற்றிய அறுந்த கயிறும் இருந்தன.

“மீன் எங்கே?”

“ஓலையில மீனுன்னு இல்லீங்களே சாமி. பாடுன்னுதான் இருக்கு. மீன் பட்டா அது மீன்பாடு. படலன்னா வெறும் பாடு. எங்க ஊட்டுக்காரரு உங்க ஆணைக்குப் போனாரு. நேத்துக் காலையில கரையில இது ஒதுங்குச்சு. கயித்துல இந்த முடிச்சு அவரு போட்டது. நான் பட்ட பாடு இதுதான். முத்திரை போட்டுக் கேட்டீங்க, கொண்டாந்துட்டேன்.”

செண்பகராயர் எழுந்தார். “வார்த்தையை வைத்து விளையாடுகிறாள், மன்னா. கடல் அமைதியாக இருக்கிறது, நானே...”

அவர் முடிப்பதற்குள் கடலைப் பார்த்த சாளரம் அறைந்து திறந்தது. தீபங்கள் அணைந்தன. ராஜா எழுந்துபோய்ப் பார்த்தான். எண்ணெயாகக் கிடந்த கடல் மதில் உயரத்துக்கு எழுந்து கரையில் விழுந்துகொண்டிருந்தது.

“இன்று எத்தனை மரம் போயிற்று?” என்று கேட்டான். குரல் அடங்கியிருந்தது.

“ஒண்ணும் போவல சாமி. போக வேண்டியது பத்தொம்போது. ஆளு அம்பத்தேழு.”

ராஜா கயிற்றின் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. “என்ன வேண்டும், கேள்” என்றான்.

“போன ஆளக் குடுக்க ராசாவால ஆவாது. கடலுக்குப் போறதும் போவாததும் இனி எங்க வாயால சொல்றதா இருக்கட்டும். அரமண ஓலை கரைக்கு வரக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்ற ராஜா திரும்பினான். “செண்பகராயரே, அரைகுறையாக ஒரு சொல்லைக் கற்றிருக்கிறீர். முழுவதும் கற்றுக்கொள்ளும். நாளை முதல் தினமும் நடந்தே குப்பத்துக்குப் போய், பாடு எப்படி என்று ஒவ்வொருவரையும் கேட்டுவந்து எனக்குச் சொல்லவேண்டும்.”

புயல் ஓய்ந்தது. தை பிறந்து கடல் தெளிந்தது, வஞ்சிரம் கரைக்கு வந்தது. பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு செண்பகராயர் மணலில் கால் புதைய நடப்பதைப் பார்த்துக் குப்பமே சிரித்தது. ஒருவன் கூடை நிறைய என்பான், ஒருவன் பாதி என்பான். கடைசியாகக் காத்தாயியிடம் வருவார்.

“பாடு எப்படி அம்மா?”

அவள் கடலைப் பார்த்தபடியே சொல்வாள். “இன்னும் வரலீங்க.”

அதையும் அவர் தினமும் ராஜாவிடம் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ராஜாவுக்கு இலை போடுவார்கள்.