ஆமாம் என்றால் இல்லை

கப்பல்கள் காற்றை நம்பி வந்துகொண்டிருந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை மாறவேள் என்ற மன்னன் ஆண்டான். நீட்டி முழக்கிப் பேசுபவர்களைக் கண்டாலே அவனுக்கு எரிச்சல். "சபையில் எந்தக் கேள்விக்கும் ஒரே சொல்லில்தான் பதில் வரவேண்டும். சொன்ன சொல்லை மாற்றக்கூடாது" என்று ஒருநாள் ஆணையிட்டான்.

அந்த வாரமே ஓர் ஆங்கிலக் கப்பல்தலைவனின் தூரக்கண்ணாடி காணாமல் போனது. கப்பலுக்கு மீன் கொடுத்த கடலாடி என்ற மீனவனைப் பிடித்து வந்தார்கள்.

"டிடின்ட் யூ டேக் இட்?" என்றான் கப்பல்தலைவன்.

"நீ அதை எடுக்கவில்லையா?" என்று மொழிபெயர்த்தார் துபாஷி சேஷப்பர்.

"ஆமாங்க!" என்றான் கடலாடி.

"யெஸ்" என்றார் சேஷப்பர்.

"ஒப்புக்கொண்டான்!" என்று கப்பல்தலைவன் குதித்தான். கடலாடிக்குக் கழுமரம் என்று தீர்ப்பானது. அவன் வாய் திறக்கப் போனான். காவலர்கள் வாயைப் பொத்தினார்கள்.

அரசவை விகடன் கூத்தபிரான் எழுந்தான். "மன்னா, தங்களிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும். துபாஷியார் முன்போலவே மொழிபெயர்க்கட்டும்."

கூத்தபிரானைக் கண்டாலே ஆகாத சேஷப்பர், "என் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தும் மாறாது" என்று மார்தட்டினார்.

கூத்தபிரான் கேட்டான்: "மன்னா, நேற்று அரசியாரின் அல்வாவைத் தாங்கள் திருடித் தின்னவில்லையா?"

"ஆமாம்!" என்று மன்னன் உறுமினான்.

வாக்குக் கொடுத்துவிட்ட சேஷப்பருக்கு வியர்த்தது. மென்று விழுங்கிக் கேள்வியை மொழிபெயர்த்து, மன்னனின் பதிலை "யெஸ்" என்று முடித்தார்.

கப்பல்தலைவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "திருடியதை மன்னரே ஒப்புக்கொண்டாரே!"

"என்ன உளறல்! தின்னவில்லை என்றல்லவா சொன்னேன்?" மன்னன் அரியணையிலிருந்து எழுந்துவிட்டான்.

"கடலாடியும் அதைத்தான் சொன்னான், மன்னா" என்றான் கூத்தபிரான். "இவர்கள் மொழியில் 'நாட்' என்றால் இல்லை. தனியாக இருந்தால் 'டிட் யூ நாட்' என்று 'யூ'வுக்குப் பின்னால் நிற்கும். சுருங்கினால் 'ன்ட்' என்று வாலாகி, 'டிட்'டின் முதுகில் தொற்றி முன்னால் வந்துவிடும். எங்கே நின்றாலும் பதிலில் அதற்கு மதிப்பில்லை. எடுத்திருந்தால் யெஸ், எடுக்காவிட்டால் நோ. நாமோ கேட்பவரின் இல்லைக்கு ஆமாம் போடுகிறோம்."

கப்பல்தலைவனுக்கு இதைச் சொன்னதும் முகம் சிவந்தது. கப்பலை மறுபடி தேடச் சொன்னான். பாய்மரத் துணிச்சுருளுக்குள் தூரக்கண்ணாடி கிடந்தது. விடுபட்ட கடலாடி கூத்தபிரானின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

ஒரு சொல் ஆணை அன்றோடு ஒழிந்தது. மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்கு அணிவித்தபடி, அவன் காதருகே குனிந்தான்.

"உனக்கு மட்டும் சொல்கிறேன். அல்வா விஷயத்தில் அந்தக் கப்பல்காரன் புரிந்துகொண்டதுதான் உண்மை!"

பிறகு மன்னன் சிரித்த சிரிப்பு அந்தப்புரம்வரை கேட்டது.