முத்திரைக்குக் காத்திருந்த சீயக்காய்

முன்னொரு காலத்தில் மருதந்துறை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ, அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்!

ஒருநாள் சந்தையில் ஒரு சுவர் சரிந்துவிட்டது. கட்டடக் கண்காணி தாண்டவராயர் சும்மா இருப்பாரா? கொத்தனார் வீட்டில் பிறந்த திருமேனி மந்திரியாக உட்கார்ந்திருப்பதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அந்தக் கொத்தனார் கூட்டத்தை மட்டம் தட்ட இதுதான் சமயம் என்று ராஜாவிடம் ஓடினார்.

“மகாராஜா, இனி ஒரு வரி செங்கல் வைத்தால் நான் பார்த்து முத்திரை குத்தணும். அதற்கப்புறம்தான் அடுத்த வரி. மீறினால் கட்டைவிரலை எடுத்துவிடலாம்.”

“பலே!” என்று ராஜாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊர் வேலைக்கெல்லாம் தாண்டவராயர் ஒருத்தர்தானே! அவர் பூசை முடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வருவதற்குள் குழைத்த சாந்து தொட்டியிலேயே இறுகிப்போகும். நாற்பது நாளில் ஒரு வீடுகூட எழும்பவில்லை.

தலைமைக் கொத்தனார் சடையாண்டி மந்திரியிடம் வந்து நின்றான். “ஐயா, ஞாயித்துக்கிழமை எங்க நூறு குடும்பமும் வண்டி கட்டுது. அக்கரை நாட்டுல வேலை இருக்காம்.”

திருமேனிக்குப் பகீரென்றது. போன ராஜா காலத்தில் ஊரெல்லாம் தளம் அடிக்கும் சத்தம்தான். மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டையால் தட்டுவார்கள். அவர்களில் அவருடைய ஆத்தாளும் ஒருத்தி. சாயங்காலம், தளத்துக்குத் தெளிக்கிற கடுக்காய்த் தண்ணீர் வாசனையோடு வந்து அவரைத் தூக்கிக்கொள்வாள். அதெல்லாம் எவ்வளவு நல்ல காலம்!

மறுநாள் சபையில் எழுந்தார். “மகாராஜா, இவ்வளவு அருமையான சட்டம் கொத்தனாருக்கு மட்டும் எதற்கு? அரண்மனை வேலைகளுக்கும் வரட்டுமே!”

தாண்டவராயருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ராஜாவும் உடனே உத்தரவு போட்டார்.

விடிந்தால் சனிக்கிழமை, ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். தாண்டவராயர் வந்து பார்த்து, எண்ணெய்க்கு ஒரு முத்திரை குத்திவிட்டு, சம்பந்தி வீட்டு விருந்துக்குக் கிளம்பிவிட்டார். குளிப்பாட்டும் காளியப்பன் சீயக்காயைத் தேய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“தண்ணியை ஊத்துடா! கண்ணு எரியுது!”

“சீயக்காய்க்கு இன்னும் முத்திரை விழலைங்களே, மகாராஜா. எனக்கு இருக்கிறது ரெண்டே கட்டைவிரல்!”

“அந்தத் தாண்டவராயன் எங்கேடா?”

“இப்பத்தான் பாயசத்துக்கு வந்திருக்காராம்.”

“ஐயோ, தலையெல்லாம் காய்ஞ்சு இழுக்குதே! கூப்பிடு திருமேனியை!”

திருமேனி வந்து பணிவாக நின்றார். “சாந்தும் இப்படித்தான் மகாராஜா, ஆள் வரும்வரை காத்திருக்காது.”

கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த ராஜாவின் குரல் இறங்கியது. “சின்ன வயசில் அம்மா எண்ணெய் தேய்ச்சுவிடும்போது வெளியே தளம் அடிக்கிற பாட்டுக் கேட்கும். அதைக் கேட்டுக்கிட்டே எரிச்சலை மறந்திடுவேன். இப்ப ஏன்யா ஊரே ஊமையாக் கிடக்கு?”

“பாடுறவங்க முத்திரைக்குக் காத்திருந்து அலுத்துட்டாங்க. நாளைக்கு வண்டி கட்டுறாங்க.”

“போக விடாதே! அந்தச் சட்டத்தைக் கிழி! முதல்ல தண்ணியை ஊத்துங்கடா!”

குளித்த கையோடு புதுச் சட்டம் வந்தது. சுவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கிறவர் அஸ்திவாரத்திலிருந்து மாடிவரை வேலை நடக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் அவிழ்ந்தன. சட்டத்தால் பாதியில் நின்றிருந்த ஒரு வீட்டு மாடியில் தளம் அடிக்கும் பாட்டு மறுபடி கேட்டது. மொட்டை வெயிலில் மாடியில் நின்ற தாண்டவராயரிடம் பெண்கள் சாணுக்குச் சாண், “ஐயா, இது சரிங்களா?” என்று கேட்டார்கள்.

“சரிம்மா, சரிம்மா!” என்று அவர் வேர்வையைத் துடைத்தார்.

‘என்ன பரிசு வேண்டும்?’ என்று கேட்ட ராஜாவிடம் திருமேனி ஒருநாள் விடுப்புதான் கேட்டிருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டபடி சாரத்தின் கீழே நின்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பினார். ராஜா!

“மகாராஜா, தாங்கள் இங்கே...”

“பேசாதய்யா. பாட்டைக் கேளு.”