பன் வாங்கிய பேச்சு

ஓஸ்லோவில் ராக் குழுக்களுக்குள் தகராறு வந்தால் குன்வோரிடம்தான் போவார்கள். ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். ஆர்வித்துக்கு அவர்தான் குரு.

ஆர்வித் டிரம்ஸ் வாசிப்பவன், நார்வேயின் வடகோடியில் பிறந்தவன். அவன் குழு ஓஸ்லோவிலும் அந்த வடக்கு ஊர்ப் பேச்சில்தான் பாடும். அதற்காகவே கூட்டம் வரும். அன்று அவன் வந்ததும் கதவைச் சாத்தினான்.

"புதுசா வந்த பாடகன் துஷ்யந்தனை நிறுத்திடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் ரெக்கார்டிங். அதுக்குள்ள."

"ஏன், பாட வரலையா?"

"நல்லாத்தான் பாடுறான். அவன் பேசுற எங்க ஊர்ப் பேச்சு மேலதான் சந்தேகம். மேடைக்காகப் பழகியிருக்கான்."

"அவனும் வடக்கே பிறந்தவன்னு சொன்னியே?"

"அங்க மீன் ஃபாக்டரியில வேலை பார்க்க யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்தவங்களாம் அவன் அப்பா அம்மா. அவன்தான் சொல்றான்."

"வீட்டுல எப்படிப் பேசுறான்?"

"அம்மாகிட்ட தமிழ். நேத்து தங்கச்சிகூட போன்ல சண்டை போட்டான். ஒட்டுக் கேட்டேன். எங்க ஊர்ப் பேச்சு."

"சண்டையிலுமா?"

"நான் கேக்குறேன்னு தெரிஞ்சிருக்கும்."

சந்தேகம் வந்துவிட்டால் மனிதனுக்கு எதுவும் சாட்சிதான். குன்வோர் கோட்டை மாட்டிக்கொண்டார். "பசிக்குது. பேக்கரிக்குப் போவோம்."

இதிலும் ஏதோ சூழ்ச்சி என்று ஆர்வித்துக்குத் தோன்றியது. ஆனாலும் போனான். வரிசையில் நின்று இலவங்கப்பட்டை போட்ட பன் இரண்டு வாங்கிவந்தான். வெளியே வந்ததும் குன்வோர் கேட்டார்.

"பன்னை எந்தப் பேச்சுல கேட்ட?"

ஆர்வித் யோசித்தான். "ஓஸ்லோப் பேச்சுல. இருபது வருஷப் பழக்கம். எங்க பேச்சுல கேட்டா ரெண்டு தடவை சொல்லச் சொல்லுவாங்க."

"வீட்டுல?"

"மனைவி ஓஸ்லோக்காரி."

"பிள்ளைங்ககிட்ட?"

அவன் பன்னைப் பிய்த்தான், சாப்பிடவில்லை. "அதேதான்."

"துஷ்யந்தன் கடையில எப்படிக் கேப்பான்?"

"ஊர்ப் பேச்சுலயே. புரியலன்னா திரும்பச் சொல்லுவான். பின்னாடி நிக்கிற எனக்குத்தான் கூச்சமா இருக்கும்."

அவனுக்குக் காது சூடேறியது. அந்தப் பக்கம் டிராம் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"மேடைக்கு மட்டும் ஊர்ப் பேச்சு பேசுற ஆள் உன் குழுவுல இருக்கான்," என்றார் குன்வோர். "உன் சந்தேகம் சரிதான், ஆர்வித். அவனை எப்ப நிறுத்தப் போற?"