வட்டத்துக்கு நடுவில் ஒரு கூடை

கிரேக்க நாட்டு மலையூர் ஒன்றில், திராட்சைத் தெய்வமான டயோனிசஸுக்குப் பெண்கள் வட்டமாய் நின்று பாடுவார்கள். டிதிராம்ப் என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். குழலோசை ஏற ஏறக் கூந்தல் அவிழும், கால் தரையில் நிற்காது. அதில் ஒரு வழக்கம் உண்டு. அருள் வந்தவள் எதைக் கத்தினாலும் அவளே போதும் என்னும்வரை மற்றவர்கள் அதையே வாங்கிப் பாட வேண்டும்.

பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் தியானோ. அவளிடம் கற்றவர்களில் மிர்ரினிக்குத்தான் நல்ல குரல். ஆனால் பிள்ளை பெற்றதிலிருந்து மிர்ரினி வட்டத்தில் நிற்கவேயில்லை. திருவிழாக் காலையில் குழந்தையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள்.

"ஏனாம்?" என்றாள் தியானோ.

"பயமா இருக்கு அக்கா."

"போன தடவை எங்க காலையெல்லாம் மிதிச்சு ஆடினவளுக்கா பயம்?"

மிர்ரினி சிரிக்கவில்லை. "அப்போ மறக்கறதுக்கு நான் மட்டும்தான் இருந்தேன். இப்போ இவன் இருக்கான். மலைமேல ஒருத்தி, ஆட்டத்துல தன் பிள்ளையையே மான்குட்டின்னு நினைச்சுக் கிழிச்சு... ஊரே சொல்லுதே. என்னையே மறந்துட்டா, இவனை என்ன செய்வேனோ?"

தியானோ கூடையை வாங்கிக்கொண்டு போய், வட்டத்துக்கு நடுவில், பலிபீடத்தின் அடியில், குழல்காரியின் காலருகே வைத்தாள்.

"ஐயோ, அங்கேயா!"

"வா. என் கையைப் பிடிச்சுக்கோ. நான் விடமாட்டேன்."

குழல் எழுந்தது. முதல் சுற்றில் மிர்ரினியின் கண் கூடையை விட்டு நகரவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படித்தான். பிறகு கூடை எங்கே, மலை எங்கே, தான் எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

நினைவு வந்தபோது புல்லில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கூடை காலியாய்க் கிடந்தது.

அலற வாயைத் திறந்தாள். மார்பில் ஏதோ அசைந்தது. அவள் கூந்தலை ஒரு பிடி பிடித்துக்கொண்டு, வாயோரம் பால் வழிய, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

பெருமூச்சோடு அழுகையும் வந்தது.

"அழுதானா அக்கா?"

"குழலே கேக்கலே, அப்படி அழுதான்."

"யார் தூக்கினது?"

தியானோ தன் மணிக்கட்டைக் காட்டினாள். நகக்கீறல் சிவந்திருந்தது. "விடமாட்டேன்னு சொன்னேனில்ல? பிறாண்டிட்டு ஓடினே."

மிர்ரினிக்கு எதுவும் நினைவில்லை. சுற்றிலும் பெண்கள் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்மிய குரலில், 'அம்மா இங்கே, அம்மா இங்கே' என்று பாடினார்கள்.

"இது நீங்க சொல்லிக்கொடுத்த பாட்டு இல்லையே?"

"நீ கத்தினதுதான். அவன் தூங்கியும் நீ நிறுத்தலே. எங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. இனியாவது போதும்னு சொல்லேன்டி."